ஆதி குவேக்கர், புராட்டஸ்டண்ட் பெண்களின் கடிதங்களை ஆய்வு செய்ய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

16, 17-ம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் புராட்டஸ்டண்ட் பெண்கள் எழுதிய கடிதங்களைப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். அதிகம் வாசித்தது 1650-களில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் பெண்களின் கடிதங்களை. வரலாறு, ஆங்கில இலக்கியம், பெண்ணியல் படிக்கும் மாணவர்கள் இதே பொருளில் ஆய்வுக்கு வரும்போது கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

குவேக்கர்கள் என்றால் யார்? ஒரு சின்ன அறிமுகம் வேண்டும்.

அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே இங்கிலாந்து உள்நாட்டுப் போர் நடந்து முடிந்த காலத்தில் உருவான ஒரு கிறிஸ்தவ இயக்கம் இது. ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) அதன் முதன்மையான பிரசங்கி. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கிறிஸ்துவின் ஒளி இருக்கிறது, அதைக் கேட்க நடுவில் ஒரு குருவானவர் வேண்டாம் என்பது அவர்கள் நம்பிக்கை. குருவானவர் இல்லை, பலிபீடம் இல்லை, மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆவி ஏவுகிறவர் எழுந்து பேசுவார். அந்த ஏவுதல் ஆணுக்குத்தான் வரும் என்று யாரும் விதிக்க முடியவில்லை. பெண்கள் பேசத் தொடங்கியது அங்கிருந்துதான்.

1652-ல் ஃபாக்ஸ் வட இங்கிலாந்தில் அல்வர்ஸ்டன் அருகே உள்ள ஸ்வார்த்மூர் மாளிகைக்கு வந்தார். வீட்டுக்காரர் நீதிபதி தாமஸ் ஃபெல். அவர் மனைவி மார்கரெட் ஃபெல் (1614–1702) அந்தக் கோடையிலேயே குவேக்கர் ஆனார். அதற்குப் பிறகு இயக்கத்தின் தபால் நிலையம், கருவூலம், விருந்தினர் விடுதி எல்லாம் அந்த வீடுதான்.

பெண்கள் எழுதிய துண்டுப் பிரசுரங்கள் நிறைய அச்சாகியிருக்கும்போது, கடிதங்களை ஏன் ஆராய வேண்டும்?

ஒரு பெண் என்ன வாதம் செய்தாள் என்பது பிரசுரத்தில் இருக்கும். அவள் என்ன வேலை செய்தாள் என்பதற்குக் கடிதத்திடம்தான் போக வேண்டும். மார்கரெட் ஃபெல் 1666-ல் பெண்கள் சபையில் பேசலாம் என்று வாதாடிய பிரசுரத்தை லங்காஸ்டர் கோட்டைச் சிறையிலிருந்தபோது எழுதினார். அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, 1654-ல், கெண்டல் ஊரில் ஒரு பொது நிதியை அவர் ஏற்படுத்தியிருந்தார். ஊர் ஊராகப் போகும் பிரசங்கிகளுக்கும் சிறையில் கிடந்தவர்களுக்கும் அந்த நிதியிலிருந்து செருப்பும் துணியும் போயின. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், கையில் எவ்வளவு மிச்சம் என்று கெண்டலில் கணக்குப் பார்த்த ஆண்கள் அவருக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கணக்குக் கேட்கும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கணக்குக் காட்டும் இடத்தில் ஆண்கள் நிற்கிறார்கள். இது எந்தப் பிரசுரத்திலும் வராத செய்தி.

ஆய்வுக் கேள்வியை எப்படி அமைப்பது?

‘17-ம் நூற்றாண்டில் குவேக்கர் பெண்களின் நிலை’ என்று தலைப்பு வைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் முதலில் நிறுத்திவிடுவேன். அதற்கு ஆயுசு போதாது. ஒரு கடிதத்தைக் கையில் எடுத்து, ‘இது என்ன காரியம் சாதிக்க எழுதப்பட்டது?’ என்று மட்டும் கேளுங்கள். பணம் கேட்கவா, அதிகாரியை எச்சரிக்கவா, கணவனுக்கு ஆறுதல் சொல்லவா, சபைக்குக் கட்டளையிடவா? அடுத்து, அந்தக் காரியத்தை அந்தக் காலத்தில் வழக்கமாக யார் செய்வார்கள் என்று கேளுங்கள். இந்த இரண்டு பதிலும் பொருந்தாத இடத்தில்தான் உங்கள் ஆய்வு தொடங்குகிறது.

கடிதம், நிருபம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தமிழ் வேதாகமம் வாசித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். பவுல் கொரிந்தியருக்கு எழுதியது நிருபம். பெறுபவர் ஒருவர் அல்லர், ஒரு சபை. கூட்டத்தில் உரக்க வாசிப்பதற்கும் நகலெடுத்து அடுத்த ஊருக்கு அனுப்புவதற்கும் எழுதப்படுவது அது. குவேக்கர் பெண்கள் இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டதே ஒரு துணிச்சல். ‘சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்’ என்று எழுதிய அப்போஸ்தலனின் வடிவத்திலேயே அவர்கள் சபைகளுக்கு எழுதினார்கள்.

நிருபத்தில் ‘நான்’ குறைவு, வேதவசனம் அதிகம். தனிக் கடிதத்தில் காய்ச்சலும் குதிரையும் கடனும் வரும். இரண்டையும் ஒரே குவியலில் போட்டு ‘பெண்களின் மொழிநடை’ என்று முடிவு கட்டினால் ஆய்வு சரிந்துவிடும். வழக்கமான வாய்பாடுகளையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். நாம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதியதை வைத்து எழுதியவருக்கு உண்மையிலேயே ஆவல் இருந்ததா என்று யாரும் ஆராய மாட்டார்கள் அல்லவா? அதுபோல ஒவ்வொரு காலத்துக்கும் கடிதச் சடங்கு உண்டு. ஐம்பது கடிதம் வாசித்தால் எது சடங்கு, எது அந்தப் பெண்ணின் சொந்தச் சொல் என்று காது பழகிவிடும்.

கையெழுத்து ஒரு பெண்ணின் பெயரில் இருந்தால் அது அவள் எழுதிய கடிதம்தானே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்று சொல்லலாம். காகிதத்தை எத்தனை கைகள் தொட்டிருக்கின்றன என்று பார்க்காமல் ஒரு வரியையும் மேற்கோள் காட்டாதீர்கள்.

1656-ல் நடந்ததைப் பாருங்கள். ஜேம்ஸ் நெய்லர் என்ற குவேக்கர் பிரசங்கி, கிறிஸ்து எருசலேமுக்குள் நுழைந்ததுபோல, ஆதரவாளர்கள் ஓசன்னா பாட, குதிரையில் பிரிஸ்டல் நகருக்குள் நுழைந்தார். கைது செய்து சோதித்தபோது அவரிடம் கடிதங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஹன்னா ஸ்ட்ரேஞ்சர் என்ற பெண் எழுதியது. பதினாயிரங்களில் மிக அழகானவனே என்று உன்னதப்பாட்டின் மொழியில் அவரை அழைக்கிறது. அதன் அடியில் ஒரு பின்குறிப்பு: இனி உன் பெயர் ஜேம்ஸ் அல்ல, இயேசு. அந்தக் கடிதங்கள் நாடாளுமன்றம் வரை சாட்சியாகப் போயின. நெய்லருக்குச் சவுக்கடி கொடுத்தார்கள், நாக்கில் துளையிட்டார்கள், நெற்றியில் சூடு போட்டார்கள்.

பெண்களின் வெறித்தனமான பக்திதான் நெய்லரைக் கெடுத்தது என்று அன்றும் பேசினார்கள், பிறகு வந்த பலரும் அப்படியே எழுதினார்கள். ஆனால் எல்லாவற்றிலும் ஆபத்தான அந்தப் பின்குறிப்பை எழுதியது ஹன்னா இல்லை. அவள் கணவர் ஜான். ஒரே காகிதத்தில் இரண்டு கை. பழி மட்டும் பெண்ணின் மேல்.

குவேக்கர்களே தங்கள் பெண்களின் கடிதங்களைத் திருத்தினார்களா?

திருத்தினார்கள். பெண்களுடையதை மட்டும் அல்ல, ஆண்களுடையதையும்தான். நெய்லர் விவகாரத்துக்குப் பிறகு இயக்கத்துக்குப் பயம் வந்துவிட்டது. 1650-களின் தொடக்கத்தில் ஃபாக்ஸுக்கு வந்த கடிதங்கள் பரவசத்தில் ததும்பும். மார்கரெட் ஃபெல்லும் வீட்டாரும் சேர்ந்து 1652 வாக்கில் எழுதிய ஒன்று, எங்களைத் திக்கற்றவர்களாக விட்டுவிடாதே, திரும்பி வா என்று கெஞ்சுகிறது. வயதான காலத்தில் ஃபாக்ஸ் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக் குறிப்பெழுதினார். எல்லை மீறியதாகத் தோன்றிய சொற்றொடர்கள் அடிக்கப்பட்டுக் கிடக்கின்றன. 1673 முதல் லண்டனில் ஒரு குழு, அச்சுக்குப் போகும் குவேக்கர் எழுத்துகளை எல்லாம் முதலில் பார்த்துச் சரி சொல்லத் தொடங்கியது. 1694-ல் வெளிவந்த ஃபாக்ஸின் நாட்குறிப்பும் பதிப்பாசிரியர் தாமஸ் எல்வுட் கையால் அடக்கிச் சீரமைக்கப்பட்டதே.

ஆகவே அச்சுப் பிரதியை மட்டும் வாசித்துவிட்டு, ‘குவேக்கர் பெண்கள் நிதானமான நடையில் எழுதினார்கள்’ என்று எழுதாதீர்கள். அந்த நிதானம் யாருடைய கோட்டினால் வந்தது என்று பார்க்க வேண்டும். அடித்த கோட்டையும் ஒரு வரலாற்றுச் சான்றாக எண்ணுங்கள். எந்த வார்த்தை எந்த வருடத்தில் வெட்கப்பட வேண்டியதாக மாறியது என்பதை அது காட்டுகிறது.

குவேக்கர்கள் எல்லோரையும் ‘நீ’ என்றது உண்மையா? தமிழில் மொழிபெயர்க்கும்போது என்ன செய்வது?

உண்மை. இதை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு விளக்கச் சிரமப்பட வேண்டும், தமிழருக்கு அரை நிமிடம் போதும். 17-ம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நம்மைப்போல ஒருமையில் ஒரு ‘நீ’, மரியாதைக்கு ஒரு ‘நீங்கள்’ இருந்தன. குவேக்கர்கள் மரியாதைப் பன்மையை யாருக்கும் தர மறுத்தார்கள். நீதிபதிக்கும் ‘நீ’, பிரபுவுக்கும் ‘நீ’. அதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு.

கவனமாக இருக்க வேண்டியது மொழிபெயர்ப்பில்தான். மாணவர்கள் தரும் மேற்கோள்களில் மனைவி கணவனை ‘நீங்கள்’ என்பாள், கணவன் மனைவியை ‘நீ’ என்பான். மூலத்தில் இரண்டும் ஒரே சொல். நம் வீட்டுப் பழக்கம் கை வழியே இறங்கி, அந்தப் பெண் முந்நூற்றைம்பது வருடம் முன்பு துறந்த பணிவை அவள் தலையில் திரும்ப வைத்துவிடுகிறது. பாலினப் பங்கை ஆராயும் கட்டுரையில் இதைவிடப் பெரிய பிழை வேறு இல்லை. படிக்க உறுத்தினாலும் ‘நீ’ என்றே எழுதுங்கள். அன்று கேட்டவர்களுக்கும் அது உறுத்தத்தான் செய்தது.

ஒப்பிட ஒரு குவேக்கர் அல்லாத பெண்: பியூரிட்டன் (இங்கிலாந்துத் திருச்சபையை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்ட்) குடும்பத்து பிரில்லியானா ஹார்லி தன் கணவருக்கு எழுதும்போது ‘அன்புள்ள ஐயா’ என்று தொடங்குவார். தாமஸ் ஃபெல் இறந்த பிறகு மார்கரெட்டை மணந்த ஃபாக்ஸ், அவருக்கு எழுதும்போது ‘அன்பு இதயமே’ என்று தொடங்குவார்.

தாய், மனைவி என்ற பழைய சொற்களைத்தானே இவர்களும் பயன்படுத்துகிறார்கள்? அதில் புதுமை என்ன?

சொல் பழையது, அது உட்காரும் இடம் புதியது. மார்கரெட் ஃபெல்லுக்கு வந்த கடிதங்கள் அவரைப் பாலூட்டும் தாய் என்று அழைக்கின்றன. வேதாகமத்தில் நியாயாதிபதிகள் புத்தகத்தில் தெபொராள் ‘இஸ்ரவேலிலே தாய்’ என்று தன்னைச் சொல்வாளே, அந்தப் பொருளில். தெபொராள் நியாயம் தீர்த்தவள், படைக்கு உத்தரவிட்டவள். ஆகவே இந்தத் தாய்மை அடுப்படிக்கு உள்ளே அடங்குவது அல்ல.

அதே சமயம், ஃபெல் வீட்டுப் பெண்கள் ஃபாக்ஸைப் பாலூட்டி வளர்க்கும் தகப்பனே என்கிறார்கள். ஆணுக்குப் பாலூட்டும் உருவகம்! ஏசாயா 49-ல் வேர் இருக்கிறது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிப் பாடியதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பக்தி மொழியில் ஆண் பெண் இடம் மாறுவது அதிசயம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உருவகம் இடம் மாறியதால் வீட்டு வேலை இடம் மாறியது என்று ஆகாது. உருவகத்துக்கு ஒரு பட்டியல், உண்மையில் யார் என்ன செய்தார்கள் என்பதற்கு இன்னொரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் என் மனதை விட்டுப் போகாதவர்கள் கேத்தரின் எவன்ஸ், சாரா சீவர்ஸ் என்ற இருவர். இருவருக்கும் கணவர் உண்டு, பிள்ளைகள் உண்டு. பிரசங்கிக்க அலெக்சாந்திரியா போகும் வழியில் கப்பல் மால்டாவில் நின்றது. அங்கே கத்தோலிக்கச் சமய விசாரணை மன்றம் பிடித்து, 1662 வரை மூன்று வருடத்துக்கு மேல் அடைத்து வைத்தது. மைக்கூட்டைப் பறித்தார்கள். ஆனாலும் எழுதினார்கள். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதிய கடிதங்களில் ஏக்கம் கொட்டிக் கிடக்கிறது. அதே பெண்கள், தங்கள் இருவரையும் பிரிக்க முயன்ற பாதிரிகளிடம் சொன்ன பதில்: எங்களைக் கர்த்தர் இணைத்திருக்கிறார், எங்களைப் பிரிப்பவர்களுக்கு ஐயோ. திருமணத்தில் சொல்லும் வசனத்தை இரண்டு பெண்கள் தங்கள் ஊழியத் தோழமைக்கு எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு எழுதும்போது மனைவி, தாய். அறைக்குள் இருவரும் ஒருவருக்கொருவர் துணை. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே சிறையில்.

அமெரிக்காவின் பாஸ்டனில், வெளியேற்றப்பட்ட குவேக்கர் திரும்பி வந்தால் தூக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. அங்கே மேரி டயர் என்ற குவேக்கர் பெண்ணின் கதை இன்னொரு பக்கத்தைக் காட்டும். 1659 அக்டோபரில் தூக்கு மேடை வரை போய் உயிர் தப்பினார். வெளியேறச் சொன்ன ஊருக்குத் திரும்பி வந்து, 1660 ஜூன் 1-ல் தூக்கிலிடப்பட்டார். மன்றத்துக்கு அவர் எழுதிய கடிதம் தன் உயிரைப் பிச்சை கேட்கவில்லை, அந்தச் சட்டத்தைத்தான் திரும்பப் பெறச் சொல்கிறது. குவேக்கர் அல்லாத கணவர் வில்லியம் ஆளுநருக்கு எழுதிய கடிதம், ஆறு மாதத்துக்கு மேல் அவளைப் பார்க்கவே இல்லை, என் மனைவியின் உயிரைத் தாருங்கள் என்று மன்றாடுகிறது. இந்த இரண்டு கடிதத்தையும் பக்கம் பக்கமாக வைத்து வாசியுங்கள்.

குவேக்கர் அல்லாத புராட்டஸ்டண்ட் பெண்கள் அடங்கியே இருந்தார்களா?

அப்படிப் பிரித்துவிட முடியாது. புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூதர் காலத்திலேயே, 1523 செப்டம்பரில், பவேரியாவைச் சேர்ந்த ஆர்குலா ஃபோன் கிரும்பாக் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். லூதரின் கருத்துகளை ஏற்ற ஒரு மாணவனை மிரட்டிப் பின்வாங்க வைத்ததைக் கண்டிக்கும் கடிதம். நான் எழுதியிருப்பது வெறும் பெண்பிள்ளைப் பேச்சு அல்ல, தேவனுடைய வார்த்தை என்று அதில் சொன்னார். கடிதம் உடனே அச்சாகிப் பல பதிப்புகள் ஓடியது. பல்கலைக்கழகம் அவருக்குப் பதில் தரவில்லை. கணவரின் அரசு வேலை போயிற்று. ஒரு வசைக்கவிதை அவரை நூல் நூற்கப் போகச் சொன்னது. அவர் அதற்கும் கவிதையிலேயே பதில் எழுதினார். 1539-ல் ஜெனீவாவில் மரி தாந்தியேர், நவாரா அரசி மார்கரீத்துக்கு எழுதிய நிருபமும் அச்சானதும் பறிமுதல் செய்யப்பட்டது.

அப்புறம், பிரில்லியானா ஹார்லி. நெதர்லாந்தின் பிரில் ஊரில் பிறந்ததால் அந்தப் பெயர். கணவர் சர் ராபர்ட் லண்டனில் நாடாளுமன்றத்தில் இருந்தார், இவர் ஹெரஃபோர்ட்ஷையரில் பிராம்ப்டன் பிரையன் கோட்டையைப் பார்த்துக்கொண்டார். சுமார் 375 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. பெரும்பகுதி, ஆக்ஸ்ஃபோர்டில் படித்த மகன் எட்வர்டுக்கு, செல்லமாக நெட்டுக்கு. உள்நாட்டுப் போர் வந்தது. சுற்றிலும் அரசர் பக்கத்து ஆட்கள். 1643 கோடையில் கோட்டையை ஏழு வாரம் முற்றுகையிட்டார்கள். சரணடையச் சொன்ன தளபதிக்கு இந்த அம்மா எழுதிய பதிலின் சாரம் இது: என் கணவர் தன் வீட்டையும் பிள்ளைகளையும் என்னிடம் ஒப்படைத்துப் போயிருக்கிறார், அவருடைய விருப்பம் தெரியாமல் அவர் வீட்டை நான் யாருக்கும் கொடுக்க முடியாது.

இந்த வரியில் நின்று யோசியுங்கள். பீரங்கிக்கு எதிரில் கோட்டையைக் காத்த பெண், ‘நான் கணவனுக்குக் கீழ்ப்படிகிற மனைவி’ என்பதையே கேடயமாகப் பிடிக்கிறார். எதிரியாலும் அதை மறுத்துப் பேச முடியாது, ஏனென்றால் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதில் இரண்டு தரப்புக்கும் ஒரே கருத்து. கீழ்ப்படிதல் என்று எழுதியிருப்பதாலேயே அடிமைத்தனம் என்று குறித்துக்கொண்டு அடுத்த கடிதத்துக்குப் போனால், அந்த அம்மா செய்த வேலையை நாம் தவறவிட்டுவிடுவோம்.

ஒரு பக்கத்துக் கடிதங்கள் மட்டும் கிடைத்தால் என்ன செய்வது?

பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும், கிடைக்காமல் போனது பெரும்பாலும் பெண் எழுதிய பக்கமாக இருக்கும். பெண்கள் நாடாள்வதை எதிர்த்து 1558-ல் கடுமையாக எழுதியவர் ஸ்காட்லாந்துச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸ். அதே நாக்ஸ் தன் மாமியார் எலிசபெத் போஸுக்கும் லண்டன் வணிகர் குடும்பத்து ஆன் லாக்குக்கும் மனம் திறந்து எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவர்கள் நாக்ஸுக்கு எழுதியவை இல்லை. பெண்கள் அவர் கடிதங்களைப் பத்திரமாக வைத்தார்கள், அவர்களுடையவை அப்படி வைக்கப்படவில்லை.

நாக்ஸின் பதிலிலிருந்து அந்தப் பெண்களின் கேள்வியை ஓரளவு மீட்கலாம். நீ கேட்ட இன்ன விஷயம், நீ பட்ட இன்ன சந்தேகம் என்று அவரே தொட்டுக்காட்டுவார். ஆனால் அது அவர் காதில் விழுந்தபடி இருக்கும் கேள்வி. கட்டுரையில் அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.

எழுதத் தெரியாத ஏழைப் பெண்கள்?

1640-களில் இங்கிலாந்தில் பத்தில் ஒரு பெண்ணுக்குத்தான் தன் பெயரைக் கையெழுத்திடத் தெரியும், ஆண்களில் பத்தில் மூன்று பேருக்கு என்று கையெழுத்துகளை எண்ணிய ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுத்து, பிறகுதான் எழுதச் சொல்லிக்கொடுப்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவள் வேதாகமம் வாசிக்கத் தெரிந்தவளாக இருக்கலாம். சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதித் தருவதும் சாதாரணம்.

குவேக்கர்களிடம் வேலைக்காரப் பெண்களின் குரலும் கிடைப்பது ஒரு பெரிய கொடை. செல்பி ஊரில் பணிப்பெண்ணாக இருந்த மேரி ஃபிஷர், 1656-ல் பாஸ்டனில் சூனியக்காரியா என்று உடலைச் சோதிக்கப்பட்டார். 1658-ல் அட்ரியனோப்பிள் வரை போய்த் துருக்கி சுல்தான் நான்காம் மெஹ்மத்தைச் சந்தித்தார். திரும்பி வந்து எழுதிய கடிதத்தில், சுல்தான் தன்னிடம் கண்ணியமாக நடந்துகொண்டார் என்றும், அந்த மக்கள் பல தேசத்தாரைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். பாஸ்டன் கிறிஸ்தவர்கள் நடத்திய விதத்தையும் இதையும் சேர்த்து வாசியுங்கள்.

தேதிகளில் குழப்பம் வருமா?

வரும். குவேக்கர்கள் ஜனவரி, பிப்ரவரி என்று எழுத மாட்டார்கள். அவை அஞ்ஞானிகளின் தெய்வப் பெயர்களாம். முதல் மாதம், இரண்டாம் மாதம் என்றே எழுதுவார்கள். 1752 வரை இங்கிலாந்தில் வருடம் மார்ச் 25-ல் பிறந்தது. ஆகவே முதல் மாதம் என்றால் மார்ச், பதினோராம் மாதம் என்றால் ஜனவரி. ‘1659, 11-ம் மாதம், 10’ என்று இருந்தால் நம் கணக்கில் அது 1660 ஜனவரி. நான் தொடக்கத்தில் ஒரு கடிதத்தை நவம்பர் என்று குறித்துக்கொண்டு, பதில் எப்படிக் கேள்விக்கு முன்னால் வந்தது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். குறிப்பேட்டில் மூலத் தேதியையும் மாற்றிய தேதியையும் இரண்டு பத்தியாக எழுதுங்கள்.

பெண்களின் தனிக் கூட்டங்கள் முன்னேற்றமா, ஒதுக்கிவைப்பா?

1670-களில் குவேக்கர் பெண்களுக்கெனத் தனி நிர்வாகக் கூட்டங்கள் பரவின. ஏழைகளுக்கு உதவி, சிறையிலிருப்பவர் குடும்பம், திருமண விசாரிப்பு எல்லாம் அவர்கள் கையில். ஜான் வில்கின்சன், ஜான் ஸ்டோரி என்ற இரண்டு மூத்த குவேக்கர்கள் இதை எதிர்த்து இயக்கத்தையே பிளக்கும் அளவுக்குப் போனார்கள். திருமணம் செய்ய விரும்பும் ஓர் ஆண், பெண்களின் கூட்டத்துக்கு முன் போய் நிற்க வேண்டும் என்பது பலருக்குப் பொறுக்கவில்லை. ஒதுக்கிவைப்பாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது என்பது என் கருத்து.

லங்காஷையர் பெண்கள் கூட்டத்திலிருந்து மற்றக் கூட்டங்களுக்குப் போன ஒரு நிருபம் சாரா ஃபெல்லின் கையெழுத்தோடு இருக்கிறது. மார்கரெட்டின் மகள் அவர். கூட்டத்தை எப்படி நடத்துவது, கணக்கை எப்படி எழுதுவது என்று சொல்லித்தருகிறது. இந்த சாராவே 1673 முதல் 1678 வரை ஸ்வார்த்மூர் வீட்டு வரவுசெலவுக் கணக்கையும் எழுதியிருக்கிறார், அதுவும் அச்சில் இருக்கிறது. நிருபத்தையும் கணக்குப் புத்தகத்தையும் ஒன்றாக வாசியுங்கள். சபையை நடத்தக் கற்றுக்கொண்டது வீட்டுக் கணக்கிலிருந்துதான் என்பது பளிச்சென்று தெரியும்.

இவர்களைப் பெண்ணியவாதிகள் எனலாமா?

நான் சொல்வதில்லை. ‘உங்கள் குமாரரும் உங்கள் குமாரத்திகளும் தீர்க்கதரிசனஞ் சொல்லுவார்கள்’ என்ற வசனத்தில்தான் அவர்கள் கால் ஊன்றினார்கள். பெண்ணுக்கு உரிமை என்று அவர்கள் கேட்கவில்லை, ஆவியானவர் பேசும்போது தடுக்க நீ யார் என்று கேட்டார்கள். நம் சொல்லை அவர்கள் மேல் போட்டால், அவர்கள் உயிரைக் கொடுத்துச் சொன்ன காரணம் மறைந்துவிடும்.

இங்கிருந்தபடியே மூலங்களைப் பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். ஸ்வார்த்மூர் கையெழுத்துத் தொகுப்பு லண்டன் யூஸ்டன் சாலையில் உள்ள ‘நண்பர்கள் இல்ல’ நூலகத்தில் இருக்கிறது (நண்பர்கள் என்பது குவேக்கர்கள் தங்களை அழைக்கும் பெயர்). ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள். பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியிலும் பெரிய குவேக்கர் நூலகம் உண்டு. பெயர் இந்த மாளிகையிலிருந்து வந்ததுதான், ஆனால் தொகுப்பு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். மார்கரெட் ஃபெல்லின் கடிதங்களை எல்சா கிளைன்ஸ் 2003-ல் பதிப்பித்திருக்கிறார். பிரில்லியானா மகனுக்கு எழுதியவை 1854-லேயே அச்சாகி, இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலக் கையெழுத்தை ஒருமுறையாவது படத்தில் பாருங்கள். அப்போது உறை கிடையாது. தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதுவார்கள். மடிப்பும் அரக்குக் கறையும் அச்சுப் பதிப்பில் வராது.

ஒரே ஒரு கடிதத்தில் தொடங்கச் சொன்னால் எது?

ஆளைப் பொறுத்தது. கணவன் மனைவி உறவில் ஆர்வம் இருந்தால், 1673 கடைசியில் ஃபாக்ஸ் மீண்டும் கைதான பிறகு அவர் மார்கரெட்டுக்கு எழுதியதை எடுங்கள். நான் சிறையைப் பற்றிப் பேசியபோது நீ கொஞ்சம் வருந்தினாய், பிடிபட்டபோது என்னைக் குறை சொன்னாய், பிறகு ஏதோ சொல்லிவிட்டு அமைதியானாய் என்று எழுதுகிறார். ஊரே பரிசுத்தவான் என்ற மனிதரின் வீட்டுச் சண்டை. மார்கரெட்டின் கடைசிக் காலத்தில் ஆர்வம் இருந்தால் 1700-ல் எழுதிய நிருபம். குவேக்கர்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும் என்ற புதிய கெடுபிடியைப் பார்த்து, மலைகளுக்கு இருக்கும் பலவண்ணத்தைக்கூட நாம் உடுத்தக்கூடாதாம், இது அற்பமான, மட்டமான சுவிசேஷம் என்று 86 வயதில் சீறுகிறார்.

நான் தொடங்கியது பிரில்லியானாவிடம். நெட்டுக்கு ஆட்டுக்குட்டி இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுடும் ‘பை’ என்ற பண்டம் செய்து அனுப்புகிறார், ஆக்ஸ்ஃபோர்டில் அந்த இறைச்சி அவ்வளவாகக் கிடைக்காது என்று. பாதிக்கு ஒரு மசாலா, மறுபாதிக்கு வேறு மசாலா. சில வருடம் கழித்துப் போர்க்காலத்தில் அதே தாய் அதே மகனுக்கு இன்னொன்று அனுப்புகிறார்: துளைகள் போட்ட ஒரு தாள். மையால் சிலுவைக் குறி போட்ட முனையைக் கடிதத்தில் உள்ள சின்னச் சிலுவையின் மேல் வைத்து ஊசி குத்து, எனக்கு எழுதும்போதும் இதையே பயன்படுத்து. தாளின் துளைகளில் தெரியும் சொற்கள்தான் செய்தி, மற்றதெல்லாம் ஒப்புக்கு. கடைசிக் கடிதம் 1643 அக்டோபரில், கடும் சளி பிடித்திருக்கிறது என்று சொல்கிறது. அந்த மாதம் முடிவதற்குள் இறந்துபோனார்.